யாரைக் கேட்டு மருந்து ஏற்றுவது? யாழ்ப்பாணத்து முதியோரும் புற்றுநோய்ச் சிகிச்சை முடிவுகளும்

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபயணத்தில் திரண்ட நிதியைக் கொண்டு தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் கட்டப்பட்டது. அதற்கு முன்னர் குடாநாட்டு நோயாளர் பலர் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளி, கொழும்புக்கு அருகே மகரகமவில் இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலையையே நம்பியிருந்தனர். அந்தத் தூரமே பல வீடுகளில் முடிவையும் எடுத்துவிடும். எழுபத்தைந்து வயதான ஒருவரைக் கொழும்புப் பக்கம் கொண்டுபோய் வாரக்கணக்கில் எங்கே தங்கவைப்பது என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடும். சிகிச்சை கிட்டே வந்ததும் அந்தச் சாக்கு போய்விட்டது. குடும்பமும் வைத்தியரும் இப்போது மெய்யாகவே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அம்முடிவுக்கு அடிப்படையாக வேண்டியது முதியவரின் பிறந்த ஆண்டுமல்ல, பிள்ளைகளின் பாசமுமல்ல. அவரால் இன்று என்ன செய்ய முடிகிறது, எதை இழக்க அவர் விரும்பவில்லை என்ற இரண்டுமே அதற்கு அடிப்படை. இவற்றை முதல் மருந்து ஏற்றுவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வயதை மட்டும் பார்ப்பதால் வரும் பிழை இரு திசைகளிலும் நிகழ்கிறது. “வயசு போட்டுது, இனி ஏன் அவவைக் கஷ்டப்படுத்துவான்” என்று சிகிச்சையைக் கைவிடுவது ஒன்று. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையின் பின் கொடுக்கப்படும் கீமோ பற்றி 2001இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 3,351 நோயாளரின் தரவுகளை ஒன்றுசேர்த்தது. எழுபதைக் கடந்தவர்களும் இளையோர் பெற்ற அளவுக்கே பயன் பெற்றனர் என்று அது கண்டது. அத்தகைய பரிசோதனைகளில் சேர்க்கப்படும் முதியோர் பெரும்பாலும் திடகாத்திரமானவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த மறுப்பு என் வாதத்துக்கே துணை நிற்கிறது. பயனைத் தீர்மானிப்பது வயதல்ல, உடல்நிலை என்றுதானே அதற்குப் பொருள். மற்றத் திசையில், செய்யக்கூடியதெல்லாம் செய்தாக வேண்டும் என்ற பிடிவாதம் இருக்கிறது. கடும் நோயுற்ற 226 முதியோரிடம் விருப்பங்களைக் கேட்ட அமெரிக்க ஆய்வொன்று 2002இல் வெளியானது. உயிர் தப்பினாலும் உடல் பெரிதும் முடங்கிவிடும் என்றால் அந்தச் சிகிச்சை வேண்டாம் என்று அவர்களில் 74 வீதத்தினர் கூறினர். நினைவும் அறிவும் குன்றிவிடும் என்றால் வேண்டாம் என்றவர்கள் 89 வீதத்தினர். சிகிச்சையின் சுமையைவிட, பிழைத்தபின் எப்படி வாழ்வோம் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. நமது கிளினிக்குகளில் பேசப்படாமல் போவதும் இதுவே.

உடல்நிலையை அளக்க வழி இருக்கிறது. நடை, விழுதல், செவிப்புலன், நினைவாற்றல், ஊட்டம், உட்கொள்ளும் மற்ற மருந்துகள், வீட்டில் துணை ஆகியவற்றை ஒழுங்காக விசாரிக்கும் முதியோர் மதிப்பீட்டை ஒரு பெரிய பரிசோதனை சோதித்துப் பார்த்தது. எழுபது வயதும் அதற்கு மேலுமான 718 நோயாளரைக் கொண்ட அதன் முடிவுகள் 2021இல் லான்செட் இதழில் வெளியாயின. மதிப்பீட்டின் விபரம் வைத்தியருக்குக் கிடைத்த பிரிவில் 51 வீதத்தினரும், கிடைக்காத பிரிவில் 71 வீதத்தினரும் கடும் பக்கவிளைவுக்கு உள்ளாயினர். முதற் பிரிவில் பலருக்கு மருந்தின் அளவு குறைத்தே தொடங்கப்பட்டது. ஆயினும் ஆறு மாதத்தில் உயிரோடிருந்தோர் தொகையில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. அமெரிக்கக் கருவி யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. அப்படியே எடுத்தால் பொருந்தாது. அமெரிக்க நகரத் தெருவொன்றின் நீளத்தை நடக்க முடியுமா என்ற கேள்வி புங்குடுதீவில் எதையும் அளக்காது. கிணற்றில் தண்ணீர் அள்ள முடிகிறதா, கக்கூசில் குந்தி எழும்ப முடிகிறதா, கோயிலுக்குத் துணையின்றிப் போய்வர முடிகிறதா, சைக்கிள் ஓடுவதை எப்போது விட்டார் என்று கேட்டால் அதே தகவல் இன்னும் நுணுக்கமாகக் கிடைக்கும். அவ்வாறு மாற்றிய கேள்விகளை இங்கேயே சோதித்துத் தரப்படுத்துவது யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்கு ஏற்ற ஆய்வுப் பணி.

தூரம் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து தெல்லிப்பழை சேரும் ஒரு மூதாட்டிக்குப் பதினைந்து நாள் கதிர்வீச்சுக்கும் ஐந்து நாள் கதிர்வீச்சுக்கும் உள்ள வேறுபாடு வெறும் எண்ணிக்கையல்ல. தொடக்கநிலை மார்பகப் புற்றுநோயில் ஒரு வாரத்தில் ஐந்து தடவை கொடுப்பது, அதே மார்பில் நோய் திரும்பாமல் தடுப்பதில் மூன்று வாரச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று 2020இல் பிரித்தானியப் பரிசோதனை ஒன்று காட்டியது. அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலுமான, ஹோர்மோன் ஏற்பிகள் கொண்ட சிறு கட்டியுள்ள, நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத பெண்களை ஆராய்ந்த இன்னொரு பரிசோதனையின் பத்தாண்டு முடிவுகள் 2023இல் வந்தன. அறுவைச் சிகிச்சையின் பின் கதிர்வீச்சின்றி ஹோர்மோன் மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் 9.5 வீதத்தினருக்கும், கதிர்வீச்சுப் பெற்றவர்களில் 0.9 வீதத்தினருக்கும் அதே மார்பில் நோய் திரும்பியது. உயிரோடிருந்தோர் வீதமோ இரு பிரிவிலும் ஏறத்தாழ 81. இதில் எது சரியென்று எந்த வைத்தியரும் தனியே சொல்லிவிட முடியாது. நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் ஒருத்திக்குப் பெரிது, கடலைக் கடந்து போய்வருவது இன்னொருத்திக்குப் பெரிது.

இங்கேதான் மிக வலுவான மறுப்பு எழுகிறது: நம் சமூகத்தில் தீர்மானிப்பது குடும்பம், முதியவரிடம் நோயின் பெயரைச் சொன்னால் அவர் உடைந்துபோவார். “அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர்” என்ற வேண்டுகோளில் பொய்யில்லை, பயமும் அன்பும் இருக்கின்றன. ஆனால் இன்று அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது? மகன் ரொறன்ரோவில், மகள் பாரிஸில், செலவுக்குப் பணம் அனுப்புபவர் ஒருவர், வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகும் அயலவரோ சகோதரியோ வேறொருவர். தொலைவில் இருப்பவருக்கு வராமற் போன குற்ற உணர்வு. எல்லாவற்றையும் செய்யுங்கள் என்பது அவருக்கு எளிதில் வரும் பதில். அதன் விளைவை இரவில் தாங்குபவர்கள் தாயும் பக்கத்தில் இருப்பவருமே. உடைந்துபோவார் என்ற அச்சத்துக்கும் சான்று வலுவாக இல்லை. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இறுதிக்காலம் குறித்து வைத்தியரோடு பேசிய நோயாளரிடம் மனச்சோர்வோ கவலையோ கூடுதலாகக் காணப்படவில்லை. அவர்களுக்குக் கடைசி வாரத்தில் தீவிர சிகிச்சைகள் குறைவாகவே நடந்தன. அந்தச் சமூகம் வேறு, நம்முடையது வேறு என்பதை ஏற்கிறேன். ஆகையால் எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள், உங்களுக்காக யார் பேச வேண்டும் என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். மூத்த மகன் பார்த்துக்கொள்வான் என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவே. கேளாமலே மகன் எடுத்துக்கொள்வது அப்படியல்ல.

நெரிசலான கிளினிக்கில் இதற்கு நேரம் ஏது என்பது நடைமுறைக் கேள்வி, இலகுவில் தள்ளிவிடக் கூடியதும் அல்ல. முழு மதிப்பீடு எல்லோருக்கும் தேவையில்லை. சில நிமிடங்களில் முடியும் வடிகட்டற் கேள்விகளைப் பயிற்சி பெற்ற தாதியரே கேட்கலாம், தடுமாறுபவர்களை மட்டும் மேலும் விசாரிக்கலாம். பிரதேச செயலகங்களில் உள்ள முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் வீட்டு நிலைமையைச் சொல்லலாம். பதில்களை ஒரே பக்கத்தில் எழுதி, நோயாளர் கையோடு கொண்டுவரும் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் ஒட்டிவிட்டால் இரவில் விடுதிக்கு வரும் புதிய வைத்தியரும் அதைப் பார்ப்பார். ஒவ்வொரு முறை மருந்து மாற்றும்போதும் அது திரும்ப நிரப்பப்பட வேண்டும், ஏனெனில் முதற் சுற்றுக்கு முன் வேண்டும் என்றவர் மூன்றாம் சுற்றின் பின் வேண்டாம் என்று சொல்லக்கூடும்.