குளிர்காலமும் கவாத்துக் கத்தரியும்



செண்பகத்தோப்பின் மாந்தோப்புகளைக் கடந்து மலையடிவாரத்தில் நின்று மேற்கே நோக்குவீர்களானால், சாம்பல்நிற அணில்களுக்கென 1988இல் சரணாலயமாக்கப்பட்ட காடு உயர்ந்து நிற்பதைக் காண்பீர்கள். அம்மலைக்கு அப்பால் வருசநாடு. மேகமலையையும் தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே கல்கால் ஊன்றிக் கம்பி இழுத்த பந்தல்களில் பன்னீர் திராட்சை தொங்குகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கனி அது.

தமிழ்நாட்டிற்குத் திராட்சைப் பயிரை 1832இல் கொண்டுவந்தவர் பிரெஞ்சு குரு ஒருவர் என்பர். கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்குப்படி, திருப்பலிக்குரிய இரசம் திராட்சையினின்றே வரவேண்டும். கலப்படமும் கெடுதலும் கூடா. ஆகவே சந்தையை அல்ல, பாத்திரத்தை எண்ணியே அவர் கொடியைக் கொணர்ந்திருப்பார் என்று நான் கருதுகிறேன்.

அக்குருவின் தாய்நாட்டில் ஆலயத்திற்கும் திராட்சைத் தோட்டத்திற்கும் இருந்த உறவு மிகப் பழைமையானது. பர்கண்டி நாட்டில் 1098இல் சித்தோ மடம் தோன்றியது. 1114இல் அதன் கிளையாகிய பொந்திஞி மடம் எழுந்தது. அதன் துறவியர் அருகிலுள்ள ஷாப்லியில் கொடி வளர்த்தனர். இன்று அவ்வூரின் புகழெல்லாம் ஷார்டொனே என்னும் வெண்திராட்சை ஒன்றினாலேயே. 1789இல் புரட்சி அரசு திருச்சபையின் நிலங்களைப் பறிமுதல் செய்தது. நாபோத்தின் கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் இங்கே நிலம் ஓர் ஆகாபின் கையில் தங்கவில்லை. ஏலத்தில் கைமாறியும், பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற சட்டத்தால் துண்டாகியும் போயிற்று. ஏறக்குறைய 8 ஹெக்டேர் பரப்புள்ள மோந்த்ராஷே தோட்டத்திற்கு இன்று 15க்கும் மேற்பட்ட உரிமையாளர்கள். ஒருவர் பங்கில் சில பீப்பாய்களே தேறும். சிறு அளவில் வடிக்கும் ஷார்டொனே என்று இன்று பெருமையாய்ச் சொல்லப்படுவதன் பின்னே இந்தப் பாகப்பிரிவினையும் உண்டு.

அத்தோட்டங்களுட் சில இயற்கை வேளாண்மைக்குத் திரும்பியுள்ளன. இயற்கை என்றால் மருந்தே இல்லை என எண்ணிவிடாதீர்கள். பிரான்சின் மெதோக் பகுதியில் வழிப்போக்கர் பழம் பறியாதிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து சாலையோரக் கொடிகளில் பூசினர். அக்கொடிகளை அடிச்சாம்பல் நோய் அண்டாததை மில்லார்தே என்னும் தாவரவியலார் கண்டு, 1885இல் அக்கலவையை வெளியிட்டார். ஐரோப்பாவின் இயற்கை உழவர் அதனை இன்றும் தெளிக்கின்றனர்; செம்பின் அளவு மட்டும் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரி 4 கிலோவைத் தாண்டலாகாது. மழைக்காலத்தில் அதே நோயோடுதான் கம்பத்து உழவரும் போராடுகின்றனர்.

ஆயினும் ஒரு வேறுபாடு. பர்கண்டியில் பனி வந்து கொடியை உறங்கவைக்கும். உறங்கும் கொடியையே அங்கு வெட்டுவர். யோவான் 15ஆம் அதிகாரத்தைக் கேட்ட சீடர்களும் குளிர்காலத்தில் இலையுதிர்த்த கொடியையே அறிந்திருந்தனர். கம்பத்திலோ குளிர்காலம் இல்லை. இலை பசுமையாய் இருக்கையிலேயே, விழித்திருக்கும் கொடியின்மேல் கத்தரி விழுகிறது. வெட்டினாலன்றி அது குலை தள்ளாது. ஏறக்குறைய 120 நாளில் பழம். ஈராண்டில் ஐந்து அறுவடை. ஒருவர் தோட்டத்தில் கவாத்து நடக்கும் நாளில் அடுத்தவர் தோட்டத்தில் பழம் பெட்டியில் ஏறுகிறது.