கச்சு உள்ளாடையா?

கச்சு என்ற சொல்லுக்கு 'மகளிர் உள்ளாடை' எனப் பொருளெழுதிக் கடந்துவிடுவது எளிது. ஆனால், உள்ளே எனில் எதற்கு உள்ளே?

சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் திருமாலின் இருபுறமும் தேவியர் நிற்பர். திருமகளின் மார்பில் கச்சு உண்டு, நிலமகளுக்கு இல்லை. இருவரையும் பிரித்தறியச் சிற்பமரபு வைத்த அடையாளங்களுள் அதுவும் ஒன்று. மறைவில் அணிவது அடையாளமாக இயலாது. வார், வம்பு என்று கச்சுக்கு வழங்கிய பிற பெயர்களிலும் 'உள்' என்ற கருத்துக்கு இடமில்லை.

கச்சு, கச்சை, கச்சம் ஆகியவற்றை இடைவாரைக் குறிக்கும் 'கக்ஷ்யா' என்ற வடசொல்லோடு இணைப்பர். கட்டுதலே இக்குடும்பத்தின் கரு. கட்டும் இடம்தான் மாறுகிறது. மைசூர் அக்ரஹாரம் போலத் தமிழும் கன்னடமும் அருகருகே புழங்கும் இடத்தில் இம்மாற்றம் தெளிவாகப் புலப்படும். தமிழ்க் கச்சு மார்பில் இருக்க, கன்னடக் 'கச்செ' கால்களுக்கிடையே வாங்கிப் பின்னால் செருகுவதாகிறது; மடிசாரின் கச்சமும் அதுவே. பஞ்சாபின் 'கச்சேரா'தான் உண்மையில் உள்ளாடை.

சீனத்து நிலை வேறு. கழுத்திலும் முதுகிலும் நாடாவால் கட்டும் சாய்சதுரத் துணியான தூதோவ், வயிற்றின் பெயரால் அமைந்தது. வயிறு குளிராதிருக்கக் குழந்தைகளுக்கும் கட்டுவர். அது மேலாடைக்குள் இருந்தது. அங்கு உள்ளாடைக்கு வழங்கிய 'ஸியெயி' என்ற பழம்பெயரிலேயே அந்தரங்கமும் மதிப்புக்குறைவும் கலந்திருந்தன. 1927-இல் குவாங்தோங் அரசு மார்பை இறுகக் கட்டுவதைத் தடைசெய்தபோது விவாதம் அந்த மறைவான துணியைப் பற்றியது.

தமிழ்ப் பெண்களின் போராட்டமோ வெளியே தெரியும் துணிக்காக நடந்தது. தென்திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், 1829-ஆம் ஆண்டு அரசாணை கிறித்தவம் தழுவிய நாடார் பெண்களுக்குக் குப்பாயம் என்ற தைத்த சட்டையை அனுமதித்தது, தோள்சீலையை மறுத்தது. 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனம் நாடார் பெண்கள் அனைவருக்கும் சட்டை அணியும் உரிமை தந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறை விலக்கப்பட்டே இருந்தது! மார்பை மறைக்கலாமா என்பதோடு வழக்கு முடியவில்லை. மேலே தெரியும் துணி யாருடையதைப் போல இருக்கலாம் என்பதே கடைசிவரை நின்ற பூசல். தோள்சீலைக் கலகத்தை 'உள்ளாடை உரிமை' என்று சுருக்குவோர் இதைத் தவறவிடுகின்றனர்.

குப்பாயம் தமிழ்ப் பேச்சில் மங்கிவிட்டது. கன்னடத்தில் 'குப்பஸ' ரவிக்கையாகத் தொடர்கிறது. தைத்த ஜாக்கெட் நிலைபெற்ற பின்னரே அதற்கடியில் ஓர் அடுக்கும், அதற்கொரு பெயரும் தேவைப்பட்டன. அப்பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்த 'பாடி'. அம்மொழியில் 'பாடிஸ்' என்பதே உடலைக் குறிக்கும் 'பாடி'யின் பன்மையிலிருந்து பிறந்தது. கச்சுக்கு 'மார்புக்கட்டு' என்று உரையெழுதலாம். 'பாடி'யின் பொருளை அதன்மேல் ஏற்ற வேண்டியதில்லை.