முட்டையாகத் தப்பிய மீன்



"அழிந்த இனம் அழிந்ததுதான்" என்று வகுப்பில் சொன்னவன் நான். இன்று ஒரு திருத்தம்.

ஜப்பானிலேயே ஆழமான ஏரி தாசாவா, 423 மீட்டர். அங்கே வாழ்ந்தது குனிமாசு. கடலுக்கே போகாத சால்மன். முட்டையிட ஆறு ஏறாது. ஏரியின் அடியாழமே அதற்குப் பிறந்தகம். 1940இல் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் என்று, அமிலம் மிகுந்த தமாகாவா ஆற்று நீரை ஏரிக்குள் திருப்பினார்கள். மீன் அற்றுப்போனது.

ஆனால் 1935இலேயே அதன் முட்டைகளை ஃபூஜி மலைப் பக்கமுள்ள சாய்கோ ஏரிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே அது பிழைத்திருப்பது நெடுங்காலம் தெரியவில்லை. 2010இல் ஓவியர் சகானா-குன், குனிமாசு படம் வரைய மாதிரிக்காக அங்கிருந்து வேறு மீன்கள் வரவழைத்தார். வந்தவற்றில் சில கறுத்திருந்தன. கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நகாபோ ஆராய்ந்தார். குனிமாசுவேதான்!

பிள்ளை பிழைத்துவிட்டது. தாய்வீட்டுத் தண்ணீரில்தான் இன்னும் அமிலம் போகவில்லை.