எச்சத்தில் பிறந்த தீவனம்: கோழிக்கு ஈப்புழு வளர்த்த வரலாறு

சீனாவின் வட வெய் அரசில் அதிகாரியாக இருந்த ஜியா சிசியே 6ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தொகுத்த வேளாண் நூல் ‘சிமின் யாவ்ஷு’. உழவு, விதை, காடி, மது என எல்லாவற்றுக்கும் இடமுள்ள அந்த நூலில் கோழி வளர்ப்புக்கும் ஒரு பகுதி உண்டு. தமக்கு முந்தைய இல்லற நூல் ஒன்றிலிருந்து அவர் அங்கே ஒரு முறையை எடுத்துத் தருகிறார். இரண்டாம் மாதத்தில் ஒரு ‘மூ’ (சீன நில அளவு) நிலத்தை உழுது, பசையுள்ள சிறுதானியக் கஞ்சியைத் தெளித்து, அறுத்த பச்சைப் புல்லால் மூடிவிட வேண்டும். வெண்புழுக்கள் தாமாகத் தோன்றும். அதன் பிறகு பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி வர வேண்டும். முதலில் தீவனம், அப்புறம் கோழி என்ற இந்த வரிசையைப் பார்த்தால், இதைச் சொன்னவர் கோழி வளர்த்துக் கைசுட்டுக்கொண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வெண்புழு எந்தப் பூச்சியுடையது என்று நூல் சொல்லவில்லை. புளிக்கும் கஞ்சியை மோந்து முதலில் வந்து முட்டையிடுவது ஈதான் என்பதால், அதில் பெரும்பங்கு ஈப்புழு என்று கொள்ளலாம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1600இல், பிரான்சின் ஒலிவியே தெ செர் தமது பெரிய வேளாண் நூலில் கோழிக்கான புழுக்குழியை விவரித்தார். நறுக்கிய வைக்கோல், குதிரைச் சாணம், மாட்டு ரத்தம் ஊறிய மண் என்று அடுக்கடுக்காகப் போட்டு, கோழிகள் முன்கூட்டியே கிளறிவிடாதபடி மேலே முட்செடியும் கல்லும் வைத்து மூடுவது அவர் முறை. பின்வந்த பிரெஞ்சுப் பண்ணைக் கையேடுகள் இதைத் திரும்பத் திரும்ப எழுதின.

சீன நூலைப் போலவே ஐரோப்பாவும் அழுகலிலிருந்து புழு தானாகவே பிறக்கிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தது. 1668இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி சில சாடிகளில் இறைச்சியை இட்டுத் திறந்து வைத்தார். சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். துணி மூடிய இறைச்சியில் புழு வரவில்லை. ஈக்கள் துணியின்மேல் உட்கார்ந்து தவித்தன. புழு ஈயின் பிள்ளை என்பது அப்போதுதான் உறுதிப்பட்டது. ஈயை வளர்க்கிறோம் என்பதே தெரியாமல் அதன் குஞ்சுகளை நூற்றாண்டுக் கணக்கில் அறுவடை செய்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்கு ஒன்றுவிட்ட உறவான வழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய பானையில் காய்ந்த சாணம், ஓலை, சாக்குத் துண்டு ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் மண்மேல் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்ததும் அதில் ஏறியிருக்கும் கரையானைக் குஞ்சுகளுக்கு உதறிவிடுவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா ஃபாசோவிலும் டோகோவிலும் கிட்டத்தட்ட இதே பானை முறை உண்டு. யாரும் யாரிடமும் கற்றதாகத் தெரியவில்லை. தானியம் மட்டும் தின்னும் குஞ்சு தேறாது என்பதை ஒவ்வோர் ஊரும் தானே கண்டுகொண்டிருக்கிறது.

ஏன் தேறாது? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுக்கத் தீவன விஞ்ஞானிகளைக் குடைந்த கேள்வி இது. மீன்தூளோ இறைச்சித்தூளோ கொஞ்சம் கலந்தால் போதும், குஞ்சு வளர்ந்தது. அதிலிருந்த பெயர் தெரியாத சத்துக்கு ‘விலங்குப் புரதக் காரணி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 1948இல் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டதும் புதிரின் பெரும்பகுதி அவிழ்ந்தது. மெத்தியோனின் என்னும் அமினோ அமிலமும் செயற்கையாகத் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கியது. மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் போட்டு, குறைந்ததைப் பொடியாகத் தூவிவிட்டால் கோழிக்கு முழுச் சாப்பாடு. புழுவுக்கு இனி வேலை இல்லை என்றே தோன்றியது.

அதை மறுபடி கூப்பிட்டது கூண்டு. முட்டைக்கோழிகளை ஆயிரக்கணக்கில் கூண்டில் அடைத்தபோது அடியில் எச்சம் குவிந்தது. குவியலில் ஈ மொய்த்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். டி.டி.டி. பூச்சிக்கொல்லி கைகொடுக்கும் என்று நம்பியிருந்தார்கள். 1940களின் முடிவுக்குள்ளேயே அதற்கு அசையாத வீட்டு ஈக்கள் வந்துவிட்டன. பண்ணைக்கு வந்து சேர்ந்தவர்கள் பூச்சியியலாளர்கள். இன்றைய ஈப்புழுத் தீவனத்தின் வேர் அவர்களிடம்தான் இருக்கிறது. புரதம் தேடி வந்தவர்கள் அல்லர் அவர்கள். ஈயைக் கொல்ல வந்தவர்கள்.

கலிஃபோர்னியாவில் ஃபர்மன், யங், கேட்ஸ் மூவரும் 1959இல் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள். கோழி எச்சத்தில் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள் நிறைந்திருந்தால் அங்கே வீட்டு ஈ பெருகுவதில்லை. கருஞ்சிப்பாய் ஈ என்று சொல்லத்தக்க இந்த ஈயை 1758இலேயே லின்னேயஸ் வகைப்படுத்திவிட்டார். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. கப்பலேறி உலகின் வெப்பப் பகுதிகளுக்கெல்லாம் பரவியது. பார்த்தால் குளவி என்று பயப்படலாம், ஆனால் கொட்டாது, கடிக்காது. வளர்ந்த ஈக்கு இரை தேவையில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பிலேயே மிச்ச நாளை ஓட்டிவிடும். அதனால் சோற்றுப் பானையைத் தேடி அடுக்களைக்கு வராது. ஆனாலும் பண்ணையாளர்களுக்கு இதைப் பிடிக்கவில்லை. இந்தப் புழு நெளிந்தால் கெட்டியான எச்சம் கூழாகி வழிந்தோடும், அள்ளுவது பெரும்பாடு.

வீட்டு ஈயின் புழுவையே பயன்படுத்திப் பார்த்தவர்களும் உண்டு. மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் நகரில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வு மையத்தில் கால்வர்ட், மார்ட்டின், மார்கன் ஆகியோர் வீட்டு ஈயின் கூட்டுப்புழுவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்து 1969இல் முடிவை வெளியிட்டார்கள். உலர்ந்த கூட்டுப்புழுவில் 63 சதவீதம் அளவுக்குப் புரதம் இருந்தது. குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. அடுத்த ஆண்டு கோழி எச்சத்திலேயே புழுவை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் நோய் சுமக்கும் ஈயைக் கோடிக்கணக்கில் பண்ணை வாசலில் வளர்க்க எந்தப் பண்ணையாளர் துணிவார்?

கருஞ்சிப்பாய் ஈயின் முறை 1973இல் வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் ஹேல் என்பவர் அதன் உலர்ந்த புழுவைச் சோயாவுக்குப் பதிலாகக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார். சோயா தின்ற குஞ்சுகளின் எடைப்பெருக்கத்தில் 96 சதவீதம் கிடைத்தது. தின்ற தீவனமோ 93 சதவீதம்தான். வந்த நேரமும் பொருத்தமானது. எல் நினோவால் பெருவின் நெத்திலி மீன்வளம் சரிந்து மீன்தூள் கிடைக்காமல் போயிருந்தது. சோயா விலை ஏறி, அந்த ஜூனில் அமெரிக்கா அதன் ஏற்றுமதிக்கே தடை போட்டது. ஆனால் விலை இறங்கியதும் புழுவை மறந்துவிட்டார்கள். இந்த வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கும் கதை.

மறக்காமல் இருந்தவர் அதே ஜார்ஜியாவின் டிஃப்டன் நகரில் இருந்த கிரெய்க் ஷெப்பர்ட். அவரும் ஈ ஒழிப்பில் தொடங்கியவர்தான். இந்தப் புழுவுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: கூட்டுப்புழுவாகும் முன் கறுத்து, குடலைக் காலி செய்து, ஈரத்தை விட்டு வெளியேறி உலர்ந்த இடம் தேடி ஊரும். ஷெப்பர்டும் கூட்டாளிகளும் கூண்டுக்கு அடியில் சிமென்ட் தொட்டி கட்டி, ஒரு பக்கச் சுவரைச் சாய்வாக அமைத்தார்கள். புழு தானே அதில் ஏறி, உச்சியிலிருந்த வாய்க்காலில் இறங்கி, சேகரிக்கும் பாத்திரத்தில் விழுந்தது. 1994இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி எச்சம் பாதியாகக் குறைந்தது, வீட்டு ஈ அடங்கியது. கையில் 42 சதவீதப் புரதமும் 35 சதவீதக் கொழுப்பும் உள்ள தீவனம். களத்துக்குத் தானே நடந்து வரும் விளைச்சல் வேறெந்தப் பயிரில் உண்டு?

ஆனாலும் ஆண்டு முழுக்க ஈயின் முட்டை கிடைக்கவில்லை. இந்த ஈ பறந்தபடி, நல்ல வெயிலில்தான் இணை சேரும். குளிர்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? பசுமைக்குடிலுக்குள் கூண்டு வைத்து இனப்பெருக்கம் செய்யும் முறையை ஷெப்பர்ட், டாம்பர்லின் முதலியோர் 2002இல் விளக்கமாக எழுதினார்கள். பிறகு சீன ஆய்வாளர்கள் விளக்கொளியிலேயே இணை சேர வைத்தார்கள். தொழிலாக மாறுவதற்குத் தடையாக இருந்த கதவு அத்துடன் திறந்தது. தென்னாப்பிரிக்காவிலும் நெதர்லாந்திலும் நிறுவனங்கள் முளைத்தன. 2013இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து வெளியிட்ட பூச்சி உணவு அறிக்கை முதலீட்டாளர்களையும் இழுத்து வந்தது. 2019இல் நெதர்லாந்தின் பெர்கன் ஆப் சோம் நகரில் ப்ரோடிக்ஸ் நிறுவனத்தின் புழு ஆலையைத் திறந்துவைத்தவர் அந்நாட்டு மன்னர்.

ஆனால் சட்டத்தின் கண்ணில் புழு இன்னொரு கால்நடைதான். பைத்தியப் பசு நோய்க்குப் பிறகு, 2001இல், ஐரோப்பிய ஒன்றியம் பண்ணை விலங்குகளுக்கு விலங்குப் புரதம் போடத் தடை விதித்திருந்தது. ஈப்புழுவும் அந்த வலையில் சிக்கியது. 2017இல் மீன் தீவனத்துக்கும், 2021 செப்டம்பரில் கோழி, பன்றித் தீவனத்துக்கும் அனுமதி கிடைத்தது. அதற்கு ஒரு நிபந்தனை: புழுவும் வளர்ப்பு விலங்கு என்பதால் அதற்கு எச்சமோ சாணமோ உணவகக் கழிவோ போடக் கூடாது. தானிய ஆலைக் கழிவு, காய்கறிக் கழிவு போன்றவை மட்டுமே. நோய் அச்சம் நியாயமானதுதான். ஆனால் எச்சத்தைக் கரைக்க வந்த புழுவை எச்சத்திலிருந்து பிரித்தபோது அதன் மலிவும் போய்விட்டது. ஆலைச் சூடு, விளக்கு, உலர்த்தும் செலவு எல்லாம் சேர்ந்து ஐரோப்பாவில் புழுத்தூள் சோயாவைவிடப் பல மடங்கு விலை. கணிசமான பங்கு கோழிக்குப் போகாமல் நாய், பூனைத் தீவனமாகிறது.

கென்யாவில் கணக்கு வேறு. அங்கே தீவனப் புரதம் பெரும்பாலும் விக்டோரியா ஏரியின் ‘ஓமெனா’ என்னும் சிறுமீன். அது ஏழைகளின் குழம்புக்கும் வேண்டும். நம் ஊர்க் கருவாட்டைப் போல, தட்டுக்கும் தீவன மூட்டைக்கும் ஒரே மீனில் போட்டி. நைரோபியின் ‘இசிப்பே’ பூச்சியியல் ஆய்வு மையம் விவசாயிகளுக்குப் புழு வளர்ப்பைக் கற்றுத் தந்தது. 2017இல் நாட்டின் தர நிர்ணய அமைப்பு உலர்ந்த பூச்சித் தீவனப் பொருளுக்குத் தரம் வகுத்தது. நைரோபிக் குடிசைப் பகுதிகளில் கழிப்பறைகளை நிறுவிய சானர்ஜி நிறுவனம் அங்கு சேரும் மலத்தையும் உணவுக் கழிவையும் இந்தப் புழுவுக்குப் போட்டுத் தீவனம் செய்தது.

வாகனிங்கனில் 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில் புழுவைத் தூளாக்கவே இல்லை. உயிருள்ள புழுக்களைக் கறிக்கோழிக் கொட்டகையின் தரைப் படுக்கையில் நாளுக்குச் சில முறை தூவினார்கள். சும்மா படுத்துக் கிடக்கும் பிராய்லர்கள் எழுந்து ஓடின, கால்களால் கிளறின, தேடிக் கொத்தின, நொண்டுவதும் குறைந்தது.