சேறு சொன்ன சாட்சி

உதகமண்டலத்துக்குப் போகிறவர்களுக்கு ஏரியும் பூந்தோட்டமுமே ஊர். மேட்டில் அலையலையாகக் கிடக்கும் புல்வெளிகளையும், பள்ளங்களில் ஒதுங்கி நிற்கும் சோலைகளையும் நின்று பார்ப்பவர்கள் குறைவு. எனக்கோ அந்தப் புல்வெளிதான் நீலகிரி.

முன்பு எங்கும் காடாகவே இருந்தது, எருமை மேய்க்கும் தோடர்கள் தீ வைத்துப் புல்லாக்கிவிட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. 1819-ல் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய பின் வந்த துரைமார்களுக்குப் புல்வெளி வெறும் தரிசாகப் பட்டது. கற்பூர மரமும் சீகை மரமும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த நடவு ஓயவில்லை.

தோடர்கள் பக்கத்துச் சாட்சி சேற்றுக்குள் இருந்தது. மலை மடிப்புகளில் நீர் தேங்கும் சதுப்புகளில் இலையும் புல்லும் முழுக்க மக்காமல் கரிய சேறாகப் படிகின்றன. அந்தச் சேற்றிலுள்ள கார்பனில் கனம் 12 என்றும் 13 என்றும் இரண்டு சகோதரர்கள். கனத்த அண்ணன் நூற்றில் ஒருவன்தான். மரங்கள் காற்றை உண்ணும்போது அண்ணனைச் சற்றே ஒதுக்கிவிடும். வெப்ப நாட்டுப் புற்கள் பலவும், கரும்பும், சோளமும் அத்தனை பேதம் பார்ப்பதில்லை. விஞ்ஞானிகளின் பொது அளவுகோலை வைத்துப் பார்த்தால் மரத்தில் ஆயிரத்துக்குச் சுமார் 27 பங்கு குறைவு. இந்தப் புற்களில் சுமார் 13 தான். செடி செத்து மண்ணானாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

யானைகளை ஆராய்ந்து பெயர்பெற்ற ராமன் சுகுமாரும், ஆர். ரமேஷ் முதலியோரும் இந்தச் சேற்றை அடுக்கடுக்காகப் படித்து, 1993-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். (யானைக்காரருக்குச் சேற்றில் என்ன வேலை என்கிறீர்களா? யானை தின்பதும் புல்தானே!) சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், அங்கே வறட்சி தாங்கும் புல்லே கோலோச்சியது. பருவமழை மெலிந்திருந்தது, காற்றில் கரியமில வாயுவும் இன்றைய அளவில் பாதிக்கும் குறைவு. மழை வலுத்துச் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மரவகைத் தாவரங்களின் கை ஓங்கியது. பிறகு மறுபடியும் ஒரு நீண்ட வறட்சி.

பிற்காலத்தில் தீ புல்லுக்குத் துணை செய்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பனியுகத்துப் புல்லுக்குத் தோடர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

சீகையும் கற்பூர மரமும் அண்ணனை ஒதுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இலைகளும் இன்று அதே சதுப்புகளில் விழுகின்றன. பின்னொரு காலத்தில் தோண்டுகிறவன் மகரந்தத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால், எங்கள் காலத்தில் மழை கொட்டித் தீர்த்தது என்று எழுதி வைப்பான்.