தபால் பறந்த வழி

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறிவிட்டீர்களா? மலையடியில் செல்லும் இருப்புப்பாதை வழியேதான் 1871 முதல் பம்பாய்த் தபால் சென்னைக்கு வந்தது. 1932 அக்டோபரில் அதற்கு வானிலும் ஒரு வழி பிறந்தது. கராச்சியிலிருந்து பம்பாய்வரை ஜே. ஆர். டி. டாட்டாவும், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்டும் 'புஸ் மாத்' என்னும் சிறு விமானங்களை ஓட்டினர்.

தேசப்படத்தில் பெல்லாரியையும் சென்னையையும் நேர்கோட்டால் இணையுங்கள். நீளம் சுமார் 425 கி.மீ. குண்டக்கல், ரேணிகுண்டா, அரக்கோணம் என வளைந்துவரும் ரயில்பாதையோ ஏறத்தாழ 490 கி.மீ. தூரத்தில் லாபம் சொற்பமே, வேகத்தில்தான் லாபம். மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் பறந்தால் 2 மணி 40 நிமிடம் போதும்.

ஆனால் இது காற்றில்லாத வானத்தின் கணக்கு! அக்கோடு திருத்தணிக்கு வடகிழக்கே சுமார் 18 கி.மீ. தள்ளிச் செல்கிறது. வடகிழக்கிலிருந்து மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் மெல்லிய காற்று வீசினால் போதும். திசையைத் திருத்தாத விமானம் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, இரண்டேகால் மணி நேரத்தில் உங்கள் தலைக்குமேல் வந்துவிடும். அந்நாளில் வானொலி வழிகாட்டி கிடையாது. மலையைக் கண்டு தவற்றை உணரும் விமானி, கீழே தெரியும் தண்டவாளத்தைத் தொடர்ந்தே சென்னை சேர்ந்துவிடலாம்.