இரண்டு ராஜிநாமாக்கள்

நமது சங்க அன்பர்களில் பலர் அரசு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களிடம் ஒரு கேள்வி. ஒரு சாதாரண குமாஸ்தாவை வேலையை விட்டு நீக்குவது சுலபமா, ஒரு மாநிலத்தின் ஆளுநரை நீக்குவது சுலபமா?

குமாஸ்தாவை நீக்குவதுதான் கடினம். அரசியல் சட்டத்தின் 311-ஆவது ஷரத்து அவருக்கு அரணாக நிற்கிறது. குற்றச்சாட்டைத் தெரிவிக்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும். ஆளுநருக்கு இந்த உரிமை எதுவும் கிடையாது. 156-ஆவது ஷரத்தின்படி ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரை அவர் பதவியில் இருக்கலாம். அந்த விருப்பம் நடைமுறையில் மத்திய அமைச்சரவையின் விருப்பமே. ஐந்தாண்டு என்ற கால வரம்பும் அதற்குக் கட்டுப்பட்டதுதான்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்புகளோடு காலம் கழித்த எனக்கு இதன் பொருள் முழுவதும் விளங்கியது, சி.சுப்ரமணியம் அவர்களின் வாழ்க்கையைப் படித்தபோதுதான். அவர் கொடுத்த ராஜிநாமாக்களில் இரண்டை இங்கே பார்ப்போம். ஒன்று அமைச்சராக இருந்தபோது. மற்றொன்று ஆளுநராக இருந்தபோது.

சி.எஸ். என்று அழைக்கப்பட்ட அவர் 1910 ஜனவரி 30 அன்று பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்று, பிறகு சட்டம் படித்தார். 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். 1952-இல் ராஜாஜி அமைச்சரவையில் மந்திரியானார். 1954-இல் ராஜாஜி விலகியபோது, சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராஜை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். தோற்றவரை ஒதுக்காமல் காமராஜ் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டது இருவரின் பெருமையையும் காட்டும். 1962 வரை நிதியும் கல்வியும் அவர் பொறுப்பில் இருந்தன. அதே அமைச்சரவையில் 1957 முதல் தொழில் இலாகாவைக் கவனித்தவர் ஆர்.வெங்கட்ராமன். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னால் தேவைப்படும்.

1964-இல் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானதும், அப்போது எவரும் விரும்பாத உணவு, விவசாய இலாகாவை சி.எஸ். ஏற்றார். எனக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். கும்பகோணத்தில் ரேஷன் கடை வரிசையில் பையுடன் நின்றது இன்னும் மறக்கவில்லை. திங்கட்கிழமை இரவு ஒரு வேளை உணவைத் தவிர்க்கும்படி சாஸ்திரி 1965-இல் நாட்டைக் கேட்டுக்கொண்டார். எங்கள் பாட்டி அதற்கு 'சாஸ்திரி சோமவாரம்' என்று பெயர் வைத்து, மற்ற விரதங்களைப் போலவே சிரத்தையாக அனுஷ்டித்தாள்.

முதல் ராஜிநாமா அந்த ஆண்டில்தான் வந்தது. 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்ற நிலை வந்தபோது தமிழகம் கொந்தளித்தது. துப்பாக்கிச் சூடும் தீக்குளிப்பும் நடந்தன. இந்தி பேசாத மக்களுக்கு நேரு கொடுத்த வாக்குறுதிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று வற்புறுத்தி, பிப்ரவரி 11 அன்று சி.எஸ்.ஸும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சரவையிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தனர். அன்றிரவே பிரதமர் வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று உறுதியளித்தார். ராஜிநாமாக்கள் திரும்பப் பெறப்பட்டன. 1967-இல் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தமும் வந்தது. அந்தக் கடிதத்துக்கு அவ்வளவு கனம் இருந்தது. அதை எழுதியவருக்குப் பின்னால் ஒரு தொகுதியும், ஒரு மாநிலத்தின் மக்களும், சபையில் எழுந்து பேசும் உரிமையும் இருந்தன.

அவர் மந்திரியாக இருந்ததால் நாட்டுக்குக் கிடைத்த பலன் நாம் அனைவரும் அறிந்தது. இந்திய உணவுக் கழகமும் விவசாய விலைக் கமிஷனும் 1965-இல் அமைந்தன. விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனும் விவசாயத் துறைச் செயலர் பி.சிவராமனும் பக்கபலமாக நிற்க, 1966-இல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரக கோதுமை விதை தருவிக்கப்பட்டது. உரத்துக்கும் விதைக்கும் அந்நியச் செலாவணி செலவழிப்பதா என்று அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. சி.எஸ். டில்லியில் தம் பங்களாவின் புல்தரையை உழுது அந்தக் கோதுமையைப் பயிரிட்டுக் காட்டினார். பௌதிக மாணவர் அல்லவா, வாதத்தைவிடப் பரிசோதனையில் அவருக்கு நம்பிக்கை அதிகம்! 1964-65-இல் 1.23 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-இல் 1.65 கோடி டன்னாக உயர்ந்தது. ஆனால் அந்த அறுவடை களத்துக்கு வந்தபோது அவர் மந்திரியாக இல்லை. 1967 பொதுத் தேர்தலில் தோற்றிருந்தார்.

பிறகு திட்ட அமைச்சர், 1974 முதல் 1977 வரை நிதியமைச்சர், 1979-இல் பாதுகாப்பு அமைச்சர் என்று அவரது பயணம் தொடர்ந்தது. கிராமிய வங்கிகள் 1975-இல் தோன்றியது அவர் நிதியமைச்சராக இருந்த காலத்தில்தான்.

1989 டிசம்பரில் வி.பி.சிங் அரசு வந்தது. முந்தைய அரசு நியமித்த ஆளுநர்கள் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகும்படி 1990 ஜனவரியில் ஜனாதிபதி மூலம் கேட்டுக்கொள்ளப்பட்டனர். காலியான ராஜ் பவன்களில் ஒன்றுக்கு, பிப்ரவரி 15 அன்று மகாராஷ்டிர ஆளுநராக சி.எஸ். வந்து சேர்ந்தார். அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் சென்னைக் கோட்டையில் அவருடன் மந்திரியாக இருந்த அதே ஆர்.வெங்கட்ராமன்.

ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுப்பதா, மத்திய அரசு நியமிப்பதா என்பது 1949 மே மாத இறுதியில் அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டது. தேர்தல் என்பதே முந்தைய முடிவு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் முதலமைச்சரும் மோதிக்கொள்வார்களே என்ற கவலையில் அதைக் கைவிட்டு நியமன முறையைச் சபை ஏற்றது. நம் அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயரும் அதை ஆதரித்தார். அந்தச் சபையில் உறுப்பினராக இருந்த சி.எஸ்., நாற்பது ஆண்டுகள் கழித்து அதே விதிக்குக் கட்டுப்பட்டவராக மலபார் ஹில் மாளிகையில் அமர்ந்தார். வேறொருவர் எழுதிய கொள்கை உரையைச் சட்டமன்றத்தில் 'எனது அரசு' என்று படிக்க வேண்டும். வேந்தர் என்ற முறையில் பட்டமளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நானும் கௌரவத் தலைவராக இருந்தவன். மேடையில் நடு நாற்காலி எனக்கு. தண்ணீர்த் தொட்டி எங்கே கட்டுவது என்பதை முடிவு செய்வது செயலாளர். ஆகவே அந்த நாற்காலியின் சுகமும் சங்கடமும் எனக்குச் சற்றுத் தெரியும்.

1992 டிசம்பர் 6-க்குப் பிறகு பம்பாய் பற்றி எரிந்தது. ஜனவரியில் மீண்டும் மூண்டது. இரண்டு கட்டங்களிலும் சுமார் 900 பேர் இறந்ததாகப் பின்னர் ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கிட்டது. நான் அப்போது அங்கே உத்தியோகத்தில் இருந்தேன். மாதுங்கா வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில் புகை தெரியும். சட்டம் ஒழுங்கு மாநில அமைச்சரவையின் பொறுப்பு. ஆளுநர் விவரம் கேட்டுப் பெறலாம், எச்சரிக்கலாம், டில்லிக்குக் கடிதம் எழுதலாம், உத்தரவிட முடியாது.

அந்த நாட்களில்தான் இரண்டாவது ராஜிநாமா நேர்ந்தது. பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாட்டு முறை பற்றி சி.எஸ். தனிப்பட்ட பேச்சில் சொன்ன அபிப்பிராயம் செய்தித்தாளில் வெளியாகிவிட்டது. சர்ச்சை எழுந்தது. அவர் பதவி விலகினார்; 1993 ஜனவரி 9-உடன் அவரது ஆளுநர் காலம் முடிந்தது. அப்போது ஜனாதிபதியாக இருந்த சங்கர் தயாள் சர்மாவும் முன்பு அதே மகாராஷ்டிர ராஜ் பவனில் இருந்தவர்தான். அடுத்த சில நாட்களில் பி.சி.அலெக்ஸாண்டர் ஆளுநராகப் பொறுப்பேற்றார்.

1965-இல் ஊரறிய எதிர்த்தவரின் கடிதம் ஒரு பிரதமரை வானொலிக்கு முன் உட்காரவைத்தது. 1993-இல் அதே மனிதர் அந்தரங்கமாகச் சொன்ன வார்த்தை அவரையே வீட்டுக்கு அனுப்பியது. மனிதர் மாறவில்லை, இடம் மாறிவிட்டது. பதவியின் மரபை மீறிப் பேசியது தவறு என்பவர்களும் உண்டு. உத்தியோகஸ்தன் என்ற முறையில் அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. அரசின் தலைமைப் பீடத்தில் இருப்பவர் அரசியல் விமர்சனம் செய்யக் கூடாதுதான். ஆனால் நாற்பது ஆண்டுகள் நாட்டின் விஷயங்களைப் பேசியும் செய்தும் பழகியவரை, வாய் திறக்கக் கூடாத நாற்காலியில் அமர்த்துவது யாருக்கு என்ன லாபம் தரும்? அவருடைய அனுபவத்தைப் பயன்படுத்தவும் வழியில்லை, அதை மறைத்துக்கொள்ளவும் அவரால் முடிவதில்லை.

2010-இல் பி.பி.சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் ஆளுநரை நீக்க முடியாது, தன்னிச்சையாக நீக்கினால் நீதிமன்றம் கேட்கும் என்று தீர்ப்பளித்தது. குமாஸ்தாவுக்கு உள்ள பாதுகாப்பில் ஒரு சிறு பங்காவது ஆளுநருக்குக் கிடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின.

சி.எஸ். சென்னைக்குத் திரும்பி, எண்பது வயதுக்கு மேல் மறுபடியும் விவசாயப் பணிக்கே வந்தார். நேஷனல் அக்ரோ ஃபவுண்டேஷன் அவர் நிறுவியதுதான். 1998-இல் எம்.எஸ்.சுப்புலக்ஷ்மி அவர்களைப் போல அவருக்கும் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 2000 நவம்பர் 7 அன்று காலமானார். ஆளுநராக அவர் இருந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளை இன்று எவரும் நினைப்பதில்லை. பல ஊர்களில் வசிக்கும் நம் வீடுகளில் தினமும் சப்பாத்தி மாவு பிசைகிறோமே, அதில் அவர் பங்கு உண்டு. எங்கள் பாட்டி 'சாஸ்திரி சோமவார'த்தைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் பிற்காலத்தில் அவள் பட்டினி கிடந்தது அரிசி இல்லாததால் அல்ல, பழக்கத்தினால்தான்.